சாப்பாட்டுப் பையில் ஒரு டைமர்

பாங் ஓக்ரானின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் மூன்று டைமர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை அடுப்புக்கு, சிவப்பு சலவை இயந்திரத்துக்கு, மஞ்சள் அவளுக்கு. மஞ்சளுக்கு மட்டும் காந்தத்தோடு ஒரு கவ்வியும் உண்டு. எதன்மேல் வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

அவள் ஜேச்சொன் நகரத்தில், மூலிகைகளைப் பொட்டலம் கட்டும் ஆலையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். கணவன் தேக்யூ சரக்கு ரயில் பணிமனையில் முறை மாற்றி வேலை பார்ப்பவன். ஒருவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் பெரும்பாலும் மற்றவர் இருப்பதில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்குக் கடிகாரம் போதாது. அது மணி இன்னது என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். கூப்பிட்டுச் சொல்ல ஒன்று வேண்டும்.

முதல் டைமரை வாங்கியபோது மகள் தாசோல் ஆறு மாதக் குழந்தை. பால் புட்டிகளை வெந்நீரில் கொதிக்கப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்த ஓக்ரான் அப்படியே தூங்கிப்போனாள். தண்ணீர் வற்றிப் புட்டிகள் உருகின. கரும்புகை குழந்தை படுத்திருந்த அறைக்குள் புகுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறையாகத் தட்டியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு அவள் தன்னை நம்புவதை விட்டுவிட்டாள். தன்னைவிட விழிப்பான ஒன்றை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் நேரத்தை மிச்சப்படுத்தும் சாமான்கள் அந்தச் சமையலறைக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. சொன்ன மணிக்குத் தானே சோறாக்கி, ஆவி வரப்போகிறது தள்ளி நில்லுங்கள் என்று பெண்குரலில் எச்சரிக்கும் குக்கர். கயிற்றை நான்கு முறை இழுத்தால் பூண்டை நொறுக்கித் தரும் கிண்ணம். கிம்ச்சி ஊறுகாயையும் இறைச்சியையும் சட்டிக்கு மேலேயே பிடித்து நறுக்கிப் போட இரண்டு கத்தரிக்கோல். ஒரே சமயத்தில் ஆறு முட்டை அவிக்கும் சின்ன இயந்திரம். இவற்றில் பாதி, சொன்னதைச் செய்தன. மீதிப் பாதி, மிச்சப்படுத்திய நேரத்தைத் தங்களைக் கழுவித் துடைப்பதற்கே திரும்ப வாங்கிக்கொண்டன. மிச்சமானது எங்கே போயிற்று என்று ஓக்ரான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் எளிது. அடுத்த வேலைக்குள் போயிற்று. மிஞ்சிய சோற்றைப்போல மிஞ்சிய பத்து நிமிடத்தையும் மூடி வைத்து மறுநாள் எடுத்துக்கொள்ள ஒரு டப்பா இருந்திருந்தால் அதையும் வாங்கியிருப்பாள்.

நேரத்தை மிச்சம் பிடிக்க அவளிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்த அறிவிப்புத் தாளையும் முதல் இரண்டு வரி படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாள். மின்கட்டணமோ பள்ளிக் கடிதமோ, விஷயம் முதல் இரண்டு வரியில் வந்துவிடும் என்பது அவளுடைய அனுபவம்.

தாசோல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை இரண்டாம் முறையாக எழுதப்போகிறாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது ஆசை. முதல் முறை கொஞ்ச மதிப்பெண்ணில் நழுவிவிட்டது. கூடப் படித்தவர்கள் ஊர் ஊராகப் படிக்கப் போய்விட்டார்கள். இவள் நகராட்சி நூலகத்தின் படிப்பறையில், ஒரே மூலையில், ஒரே நாற்காலியில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் முறை கிடையாது என்று அவளே சொல்லிவிட்டாள். பெற்றோர் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவளே சொன்னதால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பன்னிரண்டு வருடமும் பள்ளியே மதியச் சோறு போட்டது. தேர்வு நாளில் மட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும்; போன வருடம் கடையில் வாங்கிக் கொடுத்தது ஆறிப்போயிருந்தது. பள்ளி உல்லாசப் பயணங்களுக்குக் கடற்பாசித் தாளில் சோறு சுருட்டிக் கொடுத்ததைத் தவிர ஓக்ரானுக்கு இதில் பழக்கமில்லை. சூடு தாங்கும் மூன்றடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் ஒன்று வாங்கப் போனாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடையில் எழுதியிருந்தது. இரண்டு பாத்திரம், இரண்டு பை, இரண்டும் ஒரே கருநீலம். வேறு நிறம் கேட்டதற்கு அந்த நிறம்தான் மிச்சமிருக்கிறது என்றார்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒத்திகை பார்த்தாள். பாத்திரத்தைக் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு மாட்டிறைச்சி முள்ளங்கிச் சூப்பை ஊற்றி இறுக மூடுவாள். மஞ்சள் டைமரில் ஐந்தரை மணி நேரம் வைத்துப் பையில் மாட்டிவிடுவாள். காலை ஆறு நாற்பதுக்கு மூடினால் பன்னிரண்டு பத்துக்கு மணி அடிக்கும். தேர்வில் மதிய இடைவேளை தொடங்கும் நேரம் அதுதான். திறந்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"பரீட்சை எனக்கா சூப்புக்காம்மா? எனக்கே ரெண்டு மாதிரித் தேர்வுதான் வச்சாங்க, நீ மூணு வைக்கிற" என்றாள் தாசோல்.

கடற்பாசிச் சூப் வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வழுக்குகிற எதையும் அன்றைக்குச் சாப்பிடக் கூடாது, தேர்விலும் வழுக்கிவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

தேர்வுக்கு முந்தின வாரம் தாசோல் அம்மாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கக் கூடாது. எப்போதும்போல வேலைக்குப் போக வேண்டும். "நீ குளிர்ல நின்னுட்டிருக்கேன்னு தெரிஞ்சா எனக்குக் கேள்வித்தாள்ல உன் மூஞ்சிதான் தெரியும்" என்றாள். ஓக்ரான் ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் தனக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாவது பாத்திரத்தில் அதே சோறும் அதே சூப்பும் தனக்கும் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு பத்துக்கு, மகள் மூடியைத் திறக்கிற அதே நிமிடத்தில், ஆலையில் தானும் திறந்து சாப்பிடுவது. அதனால் மகளுக்கு என்ன பயன் என்று கேட்டால் ஒரு பயனும் இல்லை. அவள் வருடக்கணக்காகப் பயனுள்ள காரியங்களை மட்டுமே செய்துவந்தவள். இந்த ஒன்று பயனில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

அந்த வியாழக்கிழமை காலை நாலே முக்காலுக்கு எழுந்தாள். குக்கர் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. இரண்டு முட்டைச் சுருள் செய்தாள். மகளுடையதில் வெங்காயத்தாள் போடவில்லை, வயிறு பொருமும் என்று. தன்னுடையதில் தாராளமாகப் போட்டாள். ஆறு நாற்பதுக்கு இரண்டு பாத்திரத்தையும் மூடி, மஞ்சள் டைமரை அழுத்தித் தன் பையின் உட்புறம் மாட்டினாள். இரண்டு பைகளையும் வாசலருகே காலணி அலமாரியின் மேல் வைத்தாள். வலது பக்கம் மகளுக்கு, இடது பக்கம் தனக்கு. இது அவளுக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு.

ஏழு மணிக்குத் தேக்யூ காரைச் சூடாக்கிவிட்டு மேலே வந்தான். மகளை விட்டுவிட்டு அப்படியே பணிமனைக்குப் போக வேண்டும். காலணியைக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே கையை நீட்டி, கைக்கு அருகில் இருந்த பையை எடுத்துக்கொண்டான். ஓக்ரான் அப்போது மகளின் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஏழு நாற்பதுக்கு ஆலைப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினாள். பக்கத்தில் சுன்னே அக்கா. அவள் கூடவே வேலை செய்கிறவள், அறுபதை நெருங்குகிறவள். வழியில் ஓக்ரான் மடியிலிருந்த பைக்குள் கைவிட்டுத் தடவினாள். கவ்வி அகப்படவில்லை. மறுபக்கம் தடவினாள்.

"என்னடி, முட்டை மேல கோழி உக்காந்த மாதிரி தடவிக்கிட்டே இருக்கே?"

டைமர் கழன்று உள்ளே விழுந்திருக்கும் என்று பையைத் திறந்தாள். பாத்திரத்தை வெளியே எடுத்தாள். அடியில் ஒன்றுமில்லை. மேலடுக்கின் மூடியைத் திருகினாள். முட்டைச் சுருள் வெறும் மஞ்சளாக இருந்தது. அதில் ஒரு துளி பச்சை இல்லை.

அவளுடைய கை மூடியைத் திருப்பி மூடியது. மனம் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. பிறகு வந்தது.

தேர்வு அறிவிப்புத் தாளின் முதல் இரண்டு வரிகள் அச்செழுத்தோடு கண்ணுக்குள் நின்றன. மின்னணுப் பொருள் எதையும் தேர்வறைக்குள் கொண்டுவருவது முறைகேடாகக் கருதப்படும். அந்த ஆண்டுத் தேர்வு முழுவதும் செல்லாததாகும். இலக்கம் காட்டும் கைக்கடிகாரம்கூடக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். தாசோல் தன் கைப்பேசியை அணைத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் போனாள். முள் கடிகாரம் ஒன்றைச் சித்தப்பாவிடம் கடன் வாங்கிக் கட்டியிருந்தாள். அவ்வளவு கவனமாக இருந்தவளின் பையில் இப்போது இலக்கங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கின்றன.

விஷயத்தைக் கேட்ட சுன்னே அக்கா பையை வாங்கித் தானும் ஒரு முறை தேடிப் பார்த்தாள். பிறகு, எங்கேயோ ஒரு ஊரில் இப்படித்தான் ஒரு பையனின் பைக்குள் கைப்பேசி அடித்து, கணக்குத் தாள் பாதியிலேயே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டாள். தேக்யூவுக்குப் போன் போட்டுப் பார் என்றாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வேலைக்கு இறங்கினால் கைப்பேசி அலமாரியில்தான் இருக்கும். பள்ளி எண்ணைத் தேடி இரண்டு முறை அழைத்தார்கள். இரண்டு முறையும் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்ததால் இணைப்புக் கிடைக்கவில்லை. மணி ஏழு ஐம்பத்து மூன்று. பள்ளி வாயிற்கதவு எட்டு பத்துக்கு மூடும். எட்டு நாற்பதுக்கு முதல் தாள்.

"இறங்குடி" என்றாள் சுன்னே அக்கா. "மேற்பார்வையாளர்கிட்ட நான் பேசிக்கிறேன். இறங்கு."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். தேர்வு நடக்கும் பள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம், நடந்தால் முக்கால் மணி நேரம். ஒரு வாடகைக் காரும் நிற்கவில்லை. நாற்சந்தியில் இரண்டு காவலர்கள் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். பிந்திவிட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக அன்றைக்கு ஊர் முழுக்க அப்படி நிறுத்தியிருப்பார்கள். ஓக்ரான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களிடம் ஓடினாள்.

இளைய காவலன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பரீட்சை எழுதறவங்களத்தான் ஏத்தலாம்மா."

"என் பொண்ணு எழுதுறா. இது அவ சாப்பாடு. பை மாறிப்போச்சு."

"சாப்பாடு மத்தியானம்தானே? மெதுவா நடந்தே போகலாமே."

டைமர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சீருடை போட்ட ஒருவரிடம் அதைச் சொல்வதற்கு அவளால் முடியவில்லை. மகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு போய்விட்டது, இதை உடனே கொடுத்தாக வேண்டும் என்று சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்ததால் அது உண்மைபோலவே கேட்டது. மூத்த காவலர் ஏற்றிக்கொண்டு போ என்று தலையசைத்தார். தன் வீட்டிலும் ஒன்று அடுத்த வருடம் எழுதப்போகிறது என்றார்.

பாலத்தின் மேல் காற்று அறைந்தது. கண்ணீர் வந்தது குளிராலா என்று அவளுக்கே தெரியவில்லை. எட்டு மணி ஒன்பது நிமிடத்துக்குப் பள்ளி வாசலில் இறங்கினாள். அவள் நாலு அடி வைப்பதற்குள் இரும்புக் கதவு உருண்டு மூடியது. கதவின் இடைவெளிக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை. அதன் பின்னால் கையில் பட்டை கட்டிய ஓர் ஆசிரியர், ஐம்பது வயதிருக்கும்.

ஓக்ரான் அதே கதையை அவரிடமும் சொன்னாள். ஒரு முறை சொன்ன பொய் இரண்டாம் முறை தானாகவே வந்தது. அவர் நல்ல மனிதர். ஒரு கேள்வியும் கேட்காமல் தாசோலின் பெயரையும் தேர்வு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் ஒட்டினார். மேசையில் ஏற்கெனவே இரண்டு சாப்பாட்டுப் பைகளும் ஒரு மூக்குக் கண்ணாடியும் இருந்தன. கண்ணாடியை ஓர் ஊழியர் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பைகள் அங்கேயே இருந்தன.

"கவலப்படாதீங்கம்மா. மத்தியான இடைவேளைல மாத்திக் கொடுத்துடுவோம்."

"இப்பவே கொடுக்க முடியாதா சார்?"

"கண்காணிப்பாளருங்க அறைக்குள்ள போயிட்டாங்க. சாப்பாட்டுக்காக இப்பப் போய்ப் பிள்ளைங்களக் கலைக்கக் கூடாது. நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க."

அவள் நன்றி சொன்னாள். இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அங்கே மேலும் சில தாய்மார்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி மணிமாலையை உருட்டிப் பிரார்த்தித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கதவின் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள். கட்டடத்தின் எல்லாச் சன்னல்களிலும் விளக்கு எரிந்தது. அவற்றில் எந்தச் சன்னலுக்குப் பின்னால் தாசோல் இருக்கிறாள் என்று தெரியவில்லை.

மதிய இடைவேளை பன்னிரண்டு பத்துக்கு. டைமரும் பன்னிரண்டு பத்துக்கு. இரண்டாம் தாளான கணக்குத் தாள் முடிகிற, விடைத்தாளை எண்ணி வாங்குகிற நிமிடம். யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஆறு நாற்பதுக்குத்தான் அழுத்தினாளா? முப்பத்தெட்டாகவும் இருக்கலாம். இரண்டு நிமிடம் முன்னதாக அடித்தால் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அடித்தாலும் கேட்காமல் போகலாம் என்று நினைத்துப் பார்த்தாள். தடித்த துணிப் பை, அறையின் ஓரத்தில் கிடக்கும். ஆனால் அந்த டைமரைக் கடையில் நாலைந்து டைமர்களை அடிக்கவிட்டுப் பார்த்துத்தான் எடுத்தாள். புகை உறிஞ்சும் விசிறி ஓடும்போதும், சலவை இயந்திரம் சுற்றும்போதும், அடுத்த அறையில் தூங்கும்போதும் கேட்க வேண்டும் என்று. அது ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

மணி எட்டு பத்தொன்பது. பேசாமல் இருந்தால் ஏதோ ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. பேட்டரி தீர்ந்துபோகலாம். பொத்தான் எதிலாவது பட்டு அணையலாம். பேசினால் தன் வாயாலேயே, என் மகள் விதியை மீறிவிட்டாள் என்று சொன்னதாகும். இரண்டு வரி தெரிந்தவளுக்கு அதற்குமேல் ஒரு வழியும் தெரியவில்லை. ஒரு வருடம். அந்த நாற்காலி. மூன்றாம் முறை கிடையாது என்று சொன்னபோது மகள் காட்டிய அமைதி.

உள்ளே ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். சொற்கள் பிடிபடவில்லை. மணிமாலைக்காரி மெல்லச் சொன்னாள். "இப்ப கேப்பாங்க. கையில மின்னணுப் பொருள் எதாவது இருக்கான்னு. மூத்தவன் எழுதும்போதும் இப்படித்தான்."

ஓக்ரான் அந்த அறையைக் கற்பனை செய்தாள். கண்காணிப்பாளர் கேட்கிறார். தாசோல் இல்லை என்று தலையாட்டுகிறாள். நிம்மதியாக ஆட்டுகிறாள், ஏனென்றால் அவளிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த நிமிடத்திலிருந்து அவள் பொய் சொன்னவள். அவளுக்கே தெரியாமல், அவளுக்காக, அவள் அம்மா அதைச் சொல்ல வைத்துவிட்டாள். பன்னிரண்டு பத்துக்கு எல்லாத் தலையும் திரும்பும்போது, என் பையில் எப்படி வந்தது என்று தெரியாமல் அவள் தனியாக நிற்பாள். தெரியாது என்று அவள் சொல்வதை யாரும் நம்பத் தேவையில்லை.

இதைத் துணிச்சல் என்று சொல்வது கூடுதல். வெளியே நிற்கிற தனக்குத் தெரிந்ததை உள்ளே உட்கார்ந்திருப்பவள் தெரியாமல் சுமப்பது அவளால் தாங்க முடியாமல் போயிற்று, அவ்வளவுதான். கதவருகே திரும்பிப் போனாள்.

"சார், நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்பாடு ஒத்துக்காததெல்லாம் இல்ல. ரெண்டுலயும் ஒரே சூப்தான். அவ பையில சமையல் டைமர் ஒண்ணு இருக்கு. என்னோடது. நான்தான் வச்சேன், எனக்குன்னு வச்ச பையில. அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு பத்துக்கு அடிக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவளை எழுத விடமாட்டீங்கன்னு தெரியும். ஆனா அவ மறைச்சான்னு மட்டும் எழுதாதீங்க."

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபத்து நாலு. முகத்திலிருந்த கனிவு போய் வேறு ஏதோ வந்தது. கோபம் இல்லை, அவசரம்.

"முதல் தாளுக்கு முன்னாடி ஒப்படைச்சா தப்பில்லம்மா. அறிவிப்புல மூணாவது வரியே அதுதான். படிக்கலையா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"பதினஞ்சு நிமிஷம் சும்மா நின்னீங்களே" என்றார். "நாற்பது ஆயிட்டா அப்புறம் என் கையிலயும் ஒண்ணும் இல்ல, யார் கையிலயும் இல்ல."

ஒட்டிய சீட்டோடு பையைத் தூக்கிக்கொண்டு போனார். நடைவழியில் ஓடக் கூடாது என்பதால் ஓடவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்து, கால்கள் அதைத் துரத்திக்கொண்டு போவதுபோல ஒரு நடை. முதலில் தேர்வு அலுவலகம் போக வேண்டும். எண்ணைப் பார்த்து எந்த அறை என்று கண்டுபிடிக்க வேண்டும். பொறுப்பாளரின் அனுமதி வாங்க வேண்டும். பிறகு மாடிப்படி. ஓக்ரான் ஒவ்வொன்றுக்கும் நிமிடம் ஒதுக்கிக் கூட்டிப் பார்த்தாள். சமையலறையில் நாலு வேலையை ஒன்றுக்குள் ஒன்று பொருத்தத் தெரிந்தவளுக்கு இந்தக் கூட்டல் வரவில்லை. ஒரு முறை பதினொன்று வந்தது, ஒரு முறை பதினெட்டு.

மூன்றாவது வரி. மடித்து வைத்தபோது அது மடிப்புக்கு உள்ளேதான் இருந்திருக்கும். அதைப் படிக்க எவ்வளவு நேரமாகியிருக்கும்? நாலு நொடி.

எட்டு முப்பதுக்குக் கதவருகே பேச்சு நின்றது. முப்பத்தைந்துக்கு உள்ளே ஒரு மணி அடித்தது. கம்பியில் நெற்றி வைத்திருந்தவள் நிமிர்ந்தாள். ஆசிரியர் வரவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு சன்னலில் ஆள் நிழல் குறுக்கே போனது. யாருடையது என்று தெரியவில்லை. வாயிற் பக்கம் வந்த பார வண்டி ஒன்றை, சத்தம் உள்ளே கேட்கக் கூடாது என்று, காவலர் கை காட்டி நிறுத்தி வேறு தெருவில் திருப்பிவிட்டார்.

எட்டு நாற்பதுக்கு நீண்ட மணி அடித்தது. முதல் தாள் தொடங்கிவிட்டது. மேசைக்குப் பின்னால் நாற்காலி காலியாகவே இருந்தது.

ஓக்ரான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குளிரில் இரும்பு கையில் ஒட்டிக்கொள்வதுபோலச் சுட்டது. மகளை வெளியே கூட்டிக்கொண்டு வருவார்கள். அவள் இந்தக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். என்ன சொல்வது? முதல் சொல் என்னவாக இருக்க வேண்டும்?

எட்டு நாற்பத்து மூன்றுக்கு ஆசிரியர் கட்டடத்திலிருந்து தனியாக வந்தார். இப்போது சாதாரணமாக நடந்தார். ஒரு கையில் சீட்டு ஒட்டாத கருநீலப் பை, மறு கையில் பழுப்பு உறை. அவர் முகத்தைப் படிக்க அவள் முயன்றாள். நெற்றியில் வியர்வை மட்டும் இருந்தது.

"முப்பத்தாறுக்கு எடுத்தோம்" என்றார். "பதிவு பண்ணியாச்சு. தாள் வாங்கிட்டா."

ஓக்ரான் கம்பியை விட்டுவிட்டுக் கேட்டாள். "அவ எப்படி இருந்தா சார்?"

"முகம் வெளுத்துப்போச்சு. பைக்குள்ள இருந்து அதை எடுத்ததும் கை நடுங்கிச்சு. சுத்தி எல்லாரும் பாத்தாங்க. நல்லா இருந்தான்னு சொன்னா அதுவும் பொய்." உறையை மேசையில் வைத்தார். "அப்புறம் கண்காணிப்பாளர் தண்ணி குடிக்கச் சொன்னாரு. குடிச்சா. நான் கெளம்பறப்ப மெதுவாச் சொன்னா, அம்மாவ வேலைக்குப் போகச் சொல்லுங்கன்னு. பன்னிரண்டு பத்துக்கு மணி அடிக்க இங்க பள்ளிக்கூடமே இருக்காம்."

மணிமாலைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓக்ரானுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொற்களை மகள் எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்று மனதுக்குள் கேட்டுப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். கோபத்திலா, அம்மாவைத் தேற்றவா? முதல் தாள் மொழித் தாள். நீண்ட பத்திகளைப் பதற்றமில்லாமல் படிக்க வேண்டும். நடுங்கிய கை எத்தனையாவது கேள்வியில் நின்றிருக்கும் என்பது சாயங்காலம்வரை தெரியப்போவதில்லை. சாயங்காலமும் மகள் சொன்னால்தான் தெரியும்.

உறையைச் சாயங்காலம்வரை ஒட்டி வைக்க வேண்டும், அதற்குள் அது கத்தக் கூடாது, எதை அழுத்துவது என்று தனக்குப் புரியவில்லை என்றார் ஆசிரியர். அவள் டைமரை வாங்கி, பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியை எடுத்தாள். இலக்கங்கள் மறைந்தன. ஒப்படைத்ததற்கான படிவத்தில் பொருளின் பெயருக்கு நேரே அவரே சமையல் டைமர் என்று எழுதியிருந்தார். உரிமையாளர் என்ற இடம் காலியாக இருந்தது. தேர்வர் பெயரை எழுதுவதுதான் வழக்கம் என்றார்.

"இது என்னோடது சார்."

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். பாங் ஓக்ரான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக வந்தது.

அடுத்த பேருந்து ஒன்பது பத்துக்கு. மேற்பார்வையாளரை அழைத்துச் சொன்னாள். சுன்னே அக்கா ஏற்கெனவே பேசியிருந்தாள். அவர், பதினொன்றுக்குள் வந்தால் போதும் என்றார். கைப்பேசியில் தேக்யூவின் ஏழு அழைப்புகள் இருந்தன. அவனை அழைத்தாள். மணி ஒரு முறை முழுதாக அடிப்பதற்குள் எடுத்தான். அவள் பேச வாய் திறக்கும்முன் பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். ஓடி வந்து மூச்சிரைக்கும் ஒரு பெண், கையில் மகனுடைய மேல் சட்டையோடு. உள்ளே தொடங்கிவிட்டார்களா, உங்கள் பிள்ளையும் உள்ளேயா என்று கேட்டாள்.

"ஆமா" என்றாள் ஓக்ரான். காதோடு பிடித்திருந்த கைப்பேசியில் தேக்யூ கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் சேர்த்தே சொன்னாள்.

"என் பொண்ணு உள்ள எழுதிக்கிட்டிருக்கா."